முகாமில் பிறந்த தம்பி வக்கீலுக்குப் படிக்கணும் என்கிறான், விடலாமா?

ஆத்தங்கரை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் இருந்து எழுதுகிறேன். எந்த முகாம் என்று கேட்காதீர்கள், எல்லாம் சின்ன ஊர், இரண்டு கேள்வியில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நானும் தம்பியும் இந்த மாவட்டத்திலேயே பிறந்தவர்கள். இலங்கையைப் போனில் பார்த்ததோடு சரி.

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ, வரலாறு குரூப். பேச்சுப் போட்டிக்குப் போனால் கப் வாங்காமல் வரமாட்டான். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்து வக்கீல் ஆகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். படிப்புக்குக் குறுக்கே நிற்கிற ஆட்கள் இல்லை இருவரும். பயப்படுகிறவள் நான்தான்.

ஏன் என்றால், பள்ளிக்கூடத்தில் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. இலவச சைக்கிள் கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், முகாம் பிள்ளை என்று டீச்சர்மார் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணக்கு சேரும்போதுதான் முதல் இடறல். படிவத்தில் ‘இந்தியர்’ என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அலுவலகத்து அம்மா அதைப் பேனாவால் ஒரு கோடு அடித்துவிட்டு, மேலே இடமே இல்லாத இடத்தில் பொடி எழுத்தில் ‘இலங்கை அகதி’ என்று எழுதினார். திட்டவில்லை, முறைக்கவில்லை, கோடு நேராக வரணும் என்று ஸ்கேல் வைத்து அடித்தார். அவ்வளவுதான். மூன்று வருஷமும் நன்றாகப் போனது. கடைசி வருஷம் சென்னையில் இருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது, எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டிலும் தேறினேன். அப்புறம் கொண்டுவர வேண்டிய தாள்களின் பட்டியல் வந்தது. பாஸ்போர்ட், இல்லையென்றால் விண்ணப்பித்த ரசீது. முகாம் அடையாள அட்டையும் ஆதாரும் போதுமா என்று மெயில் போட்டேன். பதில் வரவில்லை. இன்றைக்கு ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

தம்பி ஐந்து வருஷம் படித்து முடித்து அதே மாதிரி ஒரு மெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விடலாமா, வேறு படிப்பில் திருப்பலாமா?

பேட்டை அண்ணாச்சி:

தாயி, சட்டப் படிப்பு நல்லதுதான், ஆனால் அது சர்க்கார் முத்திரை குத்தினால்தான் தொழில் ஆகும். பையனை பி.காம். சேர்த்துவிடு. எங்கள் டவுன் மார்க்கெட்டில் ஜி.எஸ்.டி. கணக்கு எழுத ஆள் கிடைக்காமல் கடைக்காரன் எல்லாம் அலைகிறான். கம்ப்யூட்டரில் டேலி என்கிற கணக்கு மென்பொருள் தெரிந்த பையன் என்றால் எந்த நாடு என்று எவனும் கேட்கமாட்டான், கணக்கு டேலி ஆகுதா என்றுதான் கேட்பான். இதை நான் கேவலமாகச் சொல்லவில்லை கேட்டியா. என் மருமகனே அப்படித்தான் நான்கு கடைக்கு எழுதிக்கொண்டு வசதியாக இருக்கிறான்.

சாரத்து இன்ஜினியர்:

நானும் முகாம்தான், வேற மாவட்டம், இப்போ வேலை வள்ளியூர் பக்கம். பி.இ. மெக்கானிக்கல். பெயர்ப் பொருத்தம் பாருங்கள், படித்ததும் இன்ஜினியர், நிற்பதும் சாரத்தில். எங்கள் செட்டில் ஆறு பேர், அதில் மூன்று பேர் டிகிரி. பட்டி பார்த்து, எமரி பேப்பர் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங். மழைக்காலத்தில் வேலை கிடையாது. நான் வேலைக்கு ஏறிய முதல் வீட்டுக்காரர் நான் டிகிரி என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார், சம்பளத்தில் ஒரு பைசா ஏற்றவில்லை.

ஆனால் அக்கா, படிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். அளவெடுத்து எஸ்டிமேட் போடுகிறது, காண்ட்ராக்ட் பேசுகிறது, பில் எழுதுகிறது எல்லாம் இன்றைக்கு நான்தான், அது படிப்பால் வந்தது. எனக்குக் கோபம் எங்கே என்றால், சேரும்போது ஒருத்தராவது உட்கார வைத்து, இந்தப் படிப்பு முடித்தால் இந்த இடத்தில் நிற்கும், இந்தப் படிப்பு என்றால் நிற்காது என்று சொல்லியிருக்கலாம். கவுன்சலிங்குக்கு முகாம் சான்று, ஆட்சியர் அலுவலகச் சான்று, போலீஸ் தரப்பில் பதிவு என்று அலைகிறதிலேயே அந்த ரெண்டு மாசம் போய்விடுகிறது, யோசிக்க நேரம் எங்கே? அண்ணாச்சி சொன்ன கணக்கு வேலை மோசமில்லை. ஆனால் பேச்சுப் போட்டிக்காரப் பையனை டேலி முன்னால் உட்கார வைத்தால் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பேச்சு:

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்ம ஊர்ப் பிள்ளைகளே சீட் கிடைக்காமல், ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கிறார்கள். முகாமுக்கு வீடு, பணம், அரிசி, காலேஜ் பணம் எல்லாம் அரசு கொடுக்கிறது. அதற்கு மேல் வேலையும் வேணும் என்றால் எப்படி? விருந்தாளி எத்தனை வருஷம் விருந்தாளி?

கணக்கு வாத்தியார் (ஓய்வு):

நேர்ப்பேச்சு தம்பி, நேராகவே பேசுவோம். அந்தப் பெண் வேலை கேட்கவில்லை. தேர்வு எழுதி, தேறி, கிடைத்த வேலை தாளால் போனது என்று சொல்கிறாள். இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் சொன்ன காலேஜ் பணம் எவ்வளவு என்று தெரியுமா? 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் 110 விதியின் கீழ் அறிவித்தது இது. கலை அறிவியல் மாணவருக்கு வருஷத்துக்கு 3,000 ரூபாயாக இருந்ததை 12,000 ஆக்கினார்கள். பாலிடெக்னிக்குக்கு 2,500 இருந்தது 10,000 ஆனது. தொழிற்படிப்புக்கு 5,000 இருந்தது 20,000. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கட்டணம், விடுதிச் செலவு முழுதும். நல்ல காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரைக்கும் ஒரு பி.எஸ்சி. பிள்ளைக்கு வருஷம் மூவாயிரம்தான், பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் சரியாகப் போய்விடும். சீட்டைப் பிடுங்குகிறார்கள் என்பதும் சரியில்லை. பொறியியல் கவுன்சலிங்கில் இந்தப் பிள்ளைகள் பொதுப் போட்டியில்தான் வருகிறார்கள், சாதி ஒதுக்கீடு எதுவும் அவர்களுக்குக் கிடையாது.

இன்னொன்று. நான் சேரன்மகாதேவிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் முகாம் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் இருக்காது, பிறந்த தேதிக்கு ஆதாரம் இருக்காது, படகில் வரும்போது எவன் டி.சி. எடுத்து வருவான்? வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே 14ஆம் பிரிவு. அரசியல் சட்டம் 21-ஏ ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்கிறது, குடிமக்களின் குழந்தைகளுக்கு என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் 1991இல், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, இவர்களுடைய கல்விச் சலுகைகளை நிறுத்தினார்கள், 1996இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். நடுவில் படிப்பு அறுந்த பிள்ளைகள் இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அவர்களில் பலபேர் பெயிண்ட் வாளி தூக்கியது சும்மா இல்லை.

நியூஜெர்சி பாளையங்கோட்டைக்காரி:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் இதே கதை வேறு மொழியில் நடக்கிறது. தாள் இல்லாமல் பிள்ளைகளாக வந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். 1982இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு சொன்னது, டெக்சாஸ் வழக்கு, பிளைலர் எதிர் டோ என்று பெயர். தாள் இல்லாத பிள்ளை என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று. அது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். கல்லூரி என்று வந்தால் மாநிலத்துக்கு மாநிலம் ஒவ்வொரு மாதிரி. டெக்சாஸே 2001இல் முதல் ஆளாக, இங்கே படித்து வளர்ந்த பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம் போதும் என்று சட்டம் போட்டது, 2025 ஜூனில் அதே சட்டம் நீதிமன்றத்தில் விழுந்தது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரே இரவில் ஏறிப்போனது.

ஒபாமா 2012 ஜூன் 15இல் டாக்கா என்று ஒன்று கொண்டுவந்தார். பதினாறு வயதுக்குள் வந்தவர்கள், 2007 ஜூனில் இருந்து தொடர்ந்து அங்கே இருப்பவர்கள், நாடு கடத்தப் பயப்படாமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். குடியுரிமைக்கு அது வழி இல்லை. 2021இல் இருந்து வழக்கால் புது விண்ணப்பமும் நின்றுபோனது, பழைய ஆட்கள் மட்டும் புதுப்பிக்கிறார்கள்.

நம்ம ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு, வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். எச்-1பி என்கிற வேலை விசாவில் போன அப்பா அம்மாவோடு மூன்று வயதில் போன பிள்ளை, கிரீன் கார்டு வரிசை நகராமல், 21 வயது ஆனதும் அப்பா விசாவில் இருந்து தானாகக் கழன்றுவிடும். அதற்கப்புறம் மாணவர் விசா எடுக்கணும், இல்லை ஊருக்குப் போகணும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்புவது? என் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பையன், வீரவநல்லூர்க் குடும்பம், கனடாவுக்குப் போய்விட்டான்.

சாரத்து இன்ஜினியர்:

நியூஜெர்சி அக்கா, இரண்டு வருஷத்துக்கு ஒரு அட்டை, அதைக் காட்டி வேலை. எங்களுக்கு அந்த மாதிரி ஒரு அட்டை கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

இங்கே 2025 செப்டம்பர் 1இல் புதுக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று. முகாமில் அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று தின்றேன். அப்புறம் நிதானமாகப் படித்தால், ஜெயில் இல்லை என்பதுதான் அதில் இருக்கிறது, குடியுரிமையைப் பற்றி ஒரு வரி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று மட்டும். எங்களை அதில் சேர்க்கவே இல்லை.

கொக்கிரகுளம் வக்கீல்:

கேள்விக்கு வருகிறேன். சட்டப் படிப்பு வேறு, வக்கீல் தொழில் வேறு. 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பார் கவுன்சிலில் பதிய இந்தியக் குடிமகனாக இருக்கணும் என்கிறது. வேறு நாட்டுக் குடிமகனுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அவருடைய நாட்டில் இந்தியரை வக்கீலாகப் பதிய விடுகிறார்கள் என்றால் இங்கே அவரையும் பதியலாம். முகாமில் பிறந்து எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாத பையனுக்கு அது உதவாது. ஆக ஐந்து வருஷம் படித்து, பட்டமும் வாங்கி, கவுன் போட முடியாமல் நிற்கிற வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்த இழையில் இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், அந்தப் பெண்ணிடம் யாரும் முக்கியமானதைக் கேட்கவில்லை. அம்மா, உங்கள் அப்பாவும் அம்மாவும் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்கள்? நீங்களும் தம்பியும் எந்தத் தேதியில்? பெயர் வேண்டாம், தேதி போதும்.

ஆத்தங்கரை அக்கா:

அப்பா மன்னார்ப் பக்கம் பிறந்தவர், 1990இல் படகில் வந்தார். அம்மா 1985 பிப்ரவரி, மண்டபத்தில். 83 கலவரத்துக்குப் பிறகு தாத்தா, ஆச்சி வந்திருந்தபோது பிறந்தாராம். 87இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம் போட்டதும் சின்னப் பிள்ளையோடு திரும்பிப் போனார்கள், மறுபடி சண்டை வந்ததும் 1990இல் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் 2004 ஜூன், தம்பி 2008 ஆகஸ்ட், இருவரும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. எங்கள் இருவருக்கும் பிறப்புச் சான்று இருக்கிறது.

கொக்கிரகுளம் வக்கீல்:

நினைத்தேன். நிதானமாகப் படியுங்கள், அவசரப்பட்டு யாருக்கும் லட்டு கொடுக்க வேண்டாம்.

குடியுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவு இந்தியாவில் பிறந்தவர்களைப் பிறந்த தேதியை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26இல் இருந்து 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இங்கே பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1இல் இருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவர், பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் இந்தியர். 2004 டிசம்பர் 3இல் இருந்து, இருவரும் இந்தியராக இருக்கணும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்கணும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். அம்மா 1985இல் மண்டபத்தில் பிறந்ததற்குத் தாள் இருந்தால், முகாம் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சட்டப்படி அவர் பிறந்த நாளில் இருந்தே இந்தியர். நீங்கள் 2004 ஜூன், அம்மா வழியில் நீங்களும் இந்தியர். அந்த அலுவலகத்து அம்மா கோடு அடித்திருக்கவே வேண்டாம். தம்பி 2008. அம்மா இந்தியராக இருந்தாலும் அப்பா தாள் இல்லாமல் படகில் வந்தவர், சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதமாக வந்தவர். எனவே தம்பி பிறப்பால் இந்தியர் ஆகமாட்டார். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அப்பா அம்மா, நான்கு வருஷம் இடைவெளி.

இது என் கற்பனை இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிற அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார்.

நேர்ப்பேச்சு:

இது என்ன சட்டம்? அக்கா உண்டு, தம்பி இல்லையா? என் கருத்து மாறவில்லை, ஆனால் இது எனக்கே புரியவில்லை.

பேட்டை அண்ணாச்சி:

உமக்குப் புரியாததும் ஒன்று இருக்கிறதாவே, சந்தோஷம்.

தாயி, மண்டபத்துப் பிறப்புப் பதிவுக்கு ராமநாதபுரத்தில் எனக்கு ஆள் இருக்கிறது. பழைய பதிவேடு கம்ப்யூட்டரில் ஏற்றாதது நிறைய. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், தாத்தா பெயரில் இனிஷியல் என்ன என்று தெரிந்தால் வருஷத்துக்குத் தேடுகட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம். அந்தக் காலத்துப் பதிவில் குழந்தை பெயரே இருக்காது, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், பெயர் சேர்க்க இப்போது என்ன விதி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பதிவே இல்லை என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித் தாமதப் பதிவு செய்யணும், அது கொஞ்சம் இழுக்கும்.

தேயிலைத் தாத்தா பேரன்:

நடுவில் வருகிறேன். எங்கள் பூட்டன் சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து பஞ்சத்தில் கண்டிக்கு, தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தூத்துக்குடியில் கப்பல் ஏறினார் என்று வீட்டில் கதை. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. தாத்தா விண்ணப்பம் போட்டார், கப்பல் வருவதற்குள் கலவரம் வந்தது, படகில் வந்து முகாமில் உட்கார்ந்தோம். பூர்வீக ஊருக்கு நூறு கிலோமீட்டருக்குள் அகதியாக இருக்கிறோம். எங்களை மாதிரி இந்திய வம்சாவளி, திருச்சி முகாம்களில் இருக்கிற 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூனில் இதே மதுரைக் கிளை, புதிதாக விண்ணப்பம் வாங்கி மத்திய அரசு முடிவெடுக்கணும் என்றது. அந்த அக்காவின் தாத்தா பக்கமும் தோட்டத்து வழியா என்று கேட்டுப் பாருங்கள். வழக்கறிஞருக்கு அது கூடுதல் பிடி.

ஆத்தங்கரை அக்கா:

இல்லை அண்ணா, நாங்கள் மன்னார்க் கடற்கரைப் பக்கம்தான், தோட்டம் இல்லை.

நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். முறத்தை மடியில் வைத்துப் பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டார், கை நிற்கவில்லை. அப்புறம் டிரங்குப் பெட்டியில் அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்தார். ஆச்சி வைத்திருந்ததாம். உள்ளே 1985 தேதியில் ஒரு தடுப்பூசி அட்டை, மண்டபம் என்று முத்திரை, ஓரம் கரையான் தின்றிருக்கிறது, ஆனால் தேதியும் தாத்தா பெயரும் தெளிவாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் இதை ஏன் யாரிடமும் காட்டவில்லை என்றேன். யார் கேட்டார்கள் என்றார்.

தம்பியிடமும் சொன்னேன். நான் பயந்தபடி அழவில்லை. “அப்ப நீ ஓட்டுப் போடு, யாருக்குன்னு நான் சொல்லுதேன்” என்று சிரித்துவிட்டு மாடல் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாப்பிட மட்டும் வரவில்லை.

வக்கீல் சார், அவனுக்கு ஒரு வழியும் இல்லையா? ஒருத்தர் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் வெளிநாட்டிலாவது படிக்கலாம் என்று சொல்கிறார்.

கொக்கிரகுளம் வக்கீல்:

தூதரகப் பக்கம் இப்போதைக்கு நீங்களும் அம்மாவும் போகவே வேண்டாம். சொந்த விருப்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஒன்பதாம் பிரிவு. முகாமில் பலர் பழைய வீடு, நிலம் என்று யோசித்துப் பதிந்திருக்கிறார்கள். அவர்கள் நிலைமை வேறு, உங்கள் நிலைமை வேறு. 1987க்கும் 1990க்கும் நடுவில் அங்கே இருந்தபோதோ அப்புறமோ அம்மா பெயரில் ஏதாவது குடியுரிமைப் பதிவு நடந்ததா என்று ஆச்சி இருந்தால் கேட்டு வையுங்கள், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும்.

தம்பிக்கு: ஐந்தாம் பிரிவு நான்காம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விசேஷச் சூழ்நிலை இருக்கிறது என்று மத்திய அரசு திருப்தி அடைந்தால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதியலாம். செய்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை, மத்திய அரசின் விருப்பம்தான். ஆனால் அம்மா இந்தியர், அக்கா இந்தியர், பையன் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன் என்று மூன்றும் தாளோடு நிற்கும்போது அது பலமான மனு. கவனியுங்கள், மைனர். அவனுக்குப் பதினெட்டு முடிய ஆகஸ்ட் வரைதான் இருக்கிறது. அதற்குள் அம்மாவின் பிறப்புப் பதிவு கைக்கு வரணும், ஆட்சியர் அலுவலகம் வழியாக விண்ணப்பம் உள்ளே போய் ரசீது வாங்கியிருக்கணும். முடிவு வர வருஷங்கள் ஆகலாம், நிராகரிக்கவும் செய்யலாம், அப்போது மதுரைக்குப் போவோம். விண்ணப்பித்த தேதியில் அவன் மைனர் என்பதுதான் நம் கையில் இருக்கிற ஒரே பிடி.

படிப்புக்கு என் யோசனை: ஐந்து வருஷச் சட்டம் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறோ பொருளாதாரமோ ஆங்கிலமோ சேரட்டும், அரசு கொடுக்கிற 12,000 அதற்குக் கிடைக்கும். மூன்று வருஷத்தில் இந்த மனு ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாதகம் என்றால் பட்டத்துக்கு மேல் மூன்று வருஷ எல்.எல்.பி. இருக்கிறது. இல்லை என்றாலும் கையில் ஒரு பட்டம் நிற்கும், அண்ணாச்சி கடைக் கணக்கும் எங்கேயும் ஓடிப்போகாது.

சாரத்து இன்ஜினியர்:

சார், எனக்கு ஒரு கேள்வி. என் அம்மா 1986 டிசம்பர் என்று முகாம் அட்டையில் இருக்கிறது, எங்கே பிறந்தார் என்று ஒழுங்காகத் தெரியாது, ராமேஸ்வரமா மண்டபமா என்று வீட்டில் இரண்டு கதை. நான் 2003.

கொக்கிரகுளம் வக்கீல்:

தம்பி, சாரத்தில் இருந்து இறங்கி முதலில் அம்மாவுக்குப் போன் போடும். இரண்டு ஊர்ப் பதிவேட்டையும் தேடச் சொல்லலாம்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):

இந்த இழையைப் பார்க்கிற முகாம் பிள்ளைகள் எல்லோரும் அம்மா அப்பா பிறந்த தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். 1983க்கும் 1987க்கும் நடுவில் இங்கே பிறந்தவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த ஊர் எழுதியிருந்தால் அதுவும் துணை ஆதாரம் ஆகும், நான் வேலை பார்த்த பள்ளியில் பழைய பதிவேடு எடுத்துக் கொடுக்கச் சொல்லி நானே போய் நிற்கிறேன்.

ஆத்தங்கரை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, தாத்தா பெயர், மாதம் எல்லாம் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன். ஆச்சி போன வருஷம் தவறிவிட்டார், ஆனால் அவருடைய தங்கை மதுரைப் பக்கம் முகாமில் இருக்கிறார், பதிவு பற்றி அவரிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்கிறோம். அம்மாவை மண்டபத்துக்குக் கூட்டிப்போக வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ.யிடம் வெளியூர் அனுமதி எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் முகாமில் ஆள் கணக்கெடுக்கிற செக்கிங் இருப்பதால் அது முடிந்துதான் போக முடியும். தம்பி பி.ஏ. ஆங்கிலம் என்றால் சரி என்கிறான். பொருளாதாரம் மட்டும் வேண்டாமாம், அதில் கணக்கு வருமாம்.

வக்கீல் சார், தடுப்பூசி அட்டையை லேமினேட் செய்யலாமா? கரையான் மறுபடி தின்றுவிடும் என்று அம்மா கேட்கிறார்.

கொக்கிரகுளம் வக்கீல்:

செய்யாதீர்கள். லேமினேட் செய்தால் முத்திரையைச் சோதிக்க முடியாது என்று திருப்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கலர் ஸ்கேன் எடுத்து, அசலைக் காகித உறையில் போட்டு, பீரோவில் வையுங்கள், டிரங்குப் பெட்டியில் வேண்டாம். ஸ்கேன் நகலோடு செக்கிங் முடிந்த மறுநாள் காலை வாருங்கள். அம்மாவும் வரணும், முகாம் அட்டை, ஆதார், உங்கள் இருவரின் பிறப்புச் சான்று. தம்பியும் வரட்டும், கோர்ட் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.